கவனமா, கருணையா: மனம் திருந்த எந்தத் தியானம்?

மறுபிறப்பையும் அதைத் தொடரும் வினைப்பயனையும் ஒதுக்கிவிட்டுப் பௌத்தத்தை இயற்கை அறிவியலோடு பொருத்திப் பார்ப்பவர்களில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஓவன் ஃபிளனகன் முக்கியமானவர். அடுத்த பிறவி இல்லையென்றால், தியானத்தின் பலன் இப்பிறவியின் நடத்தையிலேயே தெரிய வேண்டும். அதைத் தருவது எது? மூச்சைக் கவனிப்பதா, கருணையை வளர்ப்பதா?

உலகெங்கும் பரவியது முதல் வழிதான். 1979இல் ஜான் கபட்-சின் மாசசூசெட்ஸில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சி அதற்குக் கதவைத் திறந்தது. மன அழுத்தத்தைத் தாங்க அது உதவுகிறது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மனம் அடங்கியவர் நல்லவராகவும் ஆகிவிடுவாரா? குறிபார்த்துச் சுடுபவருக்கும் கூர்ந்த கவனம் வேண்டுமே.

கருணையின் பக்கம் வலுவான சான்று ஜெர்மனியிலிருந்து வருகிறது. மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு சுமார் 300 பேரைக் கொண்டு, கவனம், கருணை, பிறர் நிலையில் நின்று பார்த்தல் என்ற மூன்றையும் மும்மூன்று மாதப் பயிற்சிகளாகப் பிரித்துச் சோதித்தது. பிறருக்கு உதவும் நடத்தை கூடியது கருணைப் பயிற்சியில்தான்; கவனப் பயிற்சி அதைச் செய்யவில்லை.

இதைவிட என்னை ஈர்த்தது அவர்களுடைய மற்றொரு கண்டுபிடிப்பு. பிறர் வேதனையை அப்படியே உணரப் பழகியவர்கள் துவண்டு போனார்கள். பிறகு கருணை பயின்றபோது அதே காட்சிகளின் முன் மனம் தெளிந்தது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, பக்கத்துப் பகை துயரம் என்று பிரித்தார். துயரம் கருணையைப் போலவே தோற்றம் காட்டும். அதனால்தான் அது பக்கத்தில் நிற்கும் பகை. அவர் எழுதிவைத்த வேறுபாடு ஸ்கேனிலும் தெரிகிறது.

எதிர்ச்சான்றும் உண்டு. 2013இல் பாஸ்டனில் நடந்த ஆய்வில், ஊன்றுகோலுடன் வலியில் நின்றவருக்கு இருக்கையைக் கொடுத்தவர்கள் தியானம் பயிலாதவர்களில் 16 சதவீதம், பயின்றவர்களில் 50 சதவீதம். கவனப் பயிற்சிக்கும் கருணைப் பயிற்சிக்கும் அங்கே வேறுபாடு இல்லை. ஆனால் பங்கேற்றவர்கள் 39 பேர்தான். 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இன்னொரு குறை வெளிப்பட்டது: தியானம் கற்பித்தவரே ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்த ஆய்வுகளில்தான் கருணை கூடியிருந்தது. இந்தக் குறை கருணைத் தரப்பைத்தான் அதிகம் குத்துகிறது.

இருந்தும் என் சாய்வு கருணைக்கே. கவனம் ஒரு விளக்கு. எங்கே நடப்பது என்பதை அது சொல்லாது. இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் நிலவும் தேரவாதப் பௌத்த மரபில் இல்லறத்தார் தியானத்தில் அமரும் முன் கொல்லாமை முதலான ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க உறுதிகளை, ஏற்பது வழக்கம். கபட்-சின் வழிவந்த எட்டு வார வகுப்புகளில் முதலில் கழற்றி வைக்கப்பட்டது அதுதான்.