ரைசன் 3 1200: கூடவே வந்த கூலரா, டவர் கூலரா?

பாளையங்கோட்டையில் மே மாத மத்தியானம் என் அறைக்குள் 36 டிகிரி. ரைசன் 3 1200 என்ற ஏஎம்டியின் கணினிச் சிப்பை ஓவர்கிளாக் செய்யும் பேச்சை, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டும் பேச்சை, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சிப்பின் மேல் பொருத்தும் காற்றுக் கூலர் எதுவானாலும் அதை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது.

2017இல் வந்த இந்தச் சிப்பின் அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ். பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் வெறும் அலுமினியத் தகடுகள்தான், வெப்பம் கடத்தும் செம்புக் குழாய் கிடையாது. சிப்பின் வழக்கமான 65 வாட் வெப்பத்துக்கு அது தாராளம். வோல்டேஜைத் தொடாமல் கொஞ்சம் வேகம் ஏற்றினாலும் தாங்கும். ஆனால் 3.8 கிகாஹெர்ட்ஸுக்காக 1.35 வோல்ட் கொடுத்தேன், வெப்பம் மளமளவென்று ஏறியது. வோல்டேஜ் கூடினால் மின்செலவு அதன் வர்க்கத்தில் கூடும். வேகம் அந்த அளவுக்கு ஏறாது. வீடியோ ரெண்டர் பாதியில் 85 டிகிரியைத் தாண்டியது. விசிறி போட்ட இரைச்சலில் பக்கத்து அறையில் அப்பா தூக்கம் கலைந்து எழுந்து வந்துவிட்டார்.

அப்புறம் டவர் கூலர்: நாலு செம்புக் குழாய், 120 மில்லிமீட்டர் விசிறி. அதே அறை, அதே வேகம், 70க்குள் நின்றது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும் என்பதால் சத்தமும் அடங்கியது. உயரம் 16 சென்டிமீட்டர் வரை போகும், கேபினெட்டை அளந்துவிட்டு வாங்குங்கள். அறுப்புக் காலத்தில் நெல்தூசி தகடுகளுக்கிடையே பஞ்சு மாதிரி அடையும்; பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

ஏ320 மதர்போர்டு என்றால் இந்தச் செலவே வேண்டாம், அதில் ஓவர்கிளாக் செய்ய முடியாது. பி350, பி450 இருந்தால் டவர்தான். ஆனியில் சாரல் காற்று வரும்வரை ஸ்டெல்த்தை நம்பி வோல்டேஜ் ஏற்றாதீர்கள்.