கேஷும் காசும்: எது எதிலிருந்து வந்தது?

"ஆங்கில 'கேஷ்' நம் காசிலிருந்து போனது" என்ற செய்தி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு சொல்வது வேறு: லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி, அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 'கேஷ்' ஆனது என்கிறார்கள்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். 1598-இல் ஜான் ஃப்ளோரியோ ஓர் இத்தாலிய-ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் 'காஸ்ஸா'வுக்குப் பெட்டி என்று பொருள் சொல்லிவிட்டு, வணிகரின் 'கேஷ்' என்றும் சேர்க்கிறார். அந்த 'கேஷ்' பணம் வைக்கும் பெட்டிதான். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600-இல். சென்னையில் கோட்டை எழுந்தது அதற்கும் நாற்பது ஆண்டு கழித்து.

சரி, பெட்டியின் பெயர் எப்படிப் பணத்துக்கு வரும்? நம் கடைத்தெருவிலேயே விடை இருக்கிறது. கல்லா என்பது பெட்டி. ஆனால் "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்டால் யாரும் பெட்டியின் விலையைச் சொல்வதில்லை. படம் ஓடினால் "நல்லா கல்லா கட்டுது" என்கிறோம். அதே நகர்வுதான் அங்கேயும். 'கேஷியர்' என்ற சொல்லும் அந்தப் பெட்டிக்காரர்தான். நம் 'காசாளர்' அதே ஒலியில் பொருந்தி வந்தது தற்செயல்.

ஆக, ரொக்கம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' பெட்டியிலிருந்து வந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் காசின் கதை அங்கே முடியவில்லை. பெரிய ஆங்கில அகராதிகளில் 'கேஷ்' இரண்டு தனிச் சொற்களாக இருக்கிறது. இரண்டாவது, சிறு செப்புக்காசைக் குறிப்பது. அது நம்முடையது. போர்ச்சுக்கீசியர் காசை 'காய்ஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல் இருந்ததால் அது எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' ஆக்கினார்கள். அப்புறம் நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். சோழர் கல்வெட்டில் இருக்கும் சொல் சீனக் காசுக்கு ஆங்கிலப் பெயராகப் போய் உட்கார்ந்திருக்கிறது! வாட்ஸப் பெருமையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சென்னையில் கம்பெனியின் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம் (அப்போது அது ஒரு சிறு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். ஆங்கிலேயர் தங்கள் பேரேட்டில் காசை 'கேஷ்' என்றும் பணத்தை 'ஃபனம்' என்றும் எழுதினார்கள். 1808-இல் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செப்புக்காசு அச்சடித்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தும், அதற்குக் கீழே ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் 'கேஷ்'. அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. சென்னைக் கடைத்தெருவுக்கு வரவேண்டிய காசை, ஏறக்குறைய 175 ஆண்டுக்குப் பிறகு முக்குளிப்பவர்கள் அந்த மணலிலிருந்து எடுத்தார்கள்.