பாத்தூர் எரிமலையில் சூரிய உதயம்: வழிகாட்டிச் சேவை பற்றிய ஒரு மதிப்புரை

பாலித் தீவில் எந்த ஊரில் தங்கினாலும், பாத்தூர் எரிமலையில் ஏறிச் சூரிய உதயம் காணும் பயணத்தை விடுதியின் வரவேற்பறையிலேயே விற்கிறார்கள். துண்டறிக்கைகள் எல்லாவற்றிலும் ஒரே படம்தான் இருக்கும். விலைதான் இடத்துக்கு இடம் மாறும். நானும் என் தோழியும் இடைத்தரகர் எவரும் இல்லாமல், மலையடிவாரத்து ஏரிக்கரைக் கிராமத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரிடமே ஏற்பாடு செய்துகொண்டு சென்று வந்தோம். அந்தச் சேவை எங்களுக்கு முழு நிறைவைத் தந்தது. அதற்குக் காரணம் விடியற்காட்சி மட்டுமன்று. விடிந்த பின்னர் எரிமலை வாயின் விளிம்பைச் சுற்றி நடந்த நேரமே இந்தப் பயணத்தின் உயிர்நாடி. மலிவான பயணத் திட்டங்கள் பலவற்றில் வெட்டப்படுவதும் அந்த நடைதான் என்பதால், முன்பணம் கட்டும் முன்பே அதைப் பற்றி விசாரித்துவிட வேண்டும்.

பாலியின் உபுத் நகரில் தங்குபவர்களை அழைத்துச் செல்ல இரவு 2 மணியளவில் வண்டி வந்துவிடும். எங்கள் ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு வந்தார், மலைச்சாலையில் நிதானமாக ஓட்டினார். நள்ளிரவில் முன்பின் அறியாதவரின் வண்டியில் ஏறும் இரண்டு பெண்களுக்கு இது சிறிய செய்தியன்று. வண்டி எண்ணையும் ஓட்டுநரின் படத்தையும் வழிகாட்டி முந்தைய மாலையே அனுப்பிவைத்திருந்தார். நாங்கள் கேட்காமலேயே அவர் செய்த காரியம் அது. அடிவாரத்தில் சூடான காப்பி கொடுத்து, தலையில் மாட்டும் டார்ச்சுகளை எங்கள் கண்முன்னே எரியவிட்டுச் சோதித்து, தோழியின் காலணி அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே கிளம்பினார். தோழிக்குப் பழைய முழங்கால் வலி உண்டு. அதை முன்னரே தெரிவித்திருந்ததால், மடக்கக்கூடிய ஊன்றுகோல் ஒன்றையும் தம் பையில் கொண்டுவந்திருந்தார்.

மலையேற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு கோயில் இருக்கிறது. எங்கள் வழிகாட்டி (பாலி வழக்கப்படி 'பிளி' என்று, அதாவது அண்ணா என்று அழைத்தோம்) குருத்தோலையில் பின்னிய உள்ளங்கை அளவுத் தட்டு ஒன்றை எடுத்து, அதில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள் நிற இதழ்களையும் சில பருக்கைச் சோற்றையும் பரப்பி, ஊதுவத்தி ஏற்றி அங்கே வைத்தார். பயணிகளுக்குக் காட்டுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏரியின் தெய்வமான தேவி தானுவை வணங்காமல் இந்த மலையில் கால் வைப்பது அவர்கள் வழக்கமில்லை. அந்த ஏரியின் நீரே நிலத்தடியில் கசிந்து, கீழேயுள்ள ஊற்றுகளையும் வயல்களையும் ஊட்டுகிறது என்பது உழவர்களின் நம்பிக்கை. 'சுபாக்' என்னும் பாலியின் பாசனக் கூட்டமைப்பு முறை 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, இந்த ஏரிக்குரிய பெருங்கோயிலும் அதனுடன் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

ஏற்றம் 4 மணியளவில் தொடங்குகிறது. மலையின் உயரம் 1,717 மீட்டர். ஏரிக்கரையே 1,000 மீட்டருக்கு மேலே இருப்பதால், நடந்து ஏற வேண்டியது ஏறத்தாழ 700 மீட்டர்தான். முதல் பகுதி காய்கறித் தோட்டங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே எளிதாகப் போய்விடுகிறது. அதற்கு மேல் பாதை செங்குத்தாகி, காலடியில் கருஞ்சரளை சரியத் தொடங்குகிறது. இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்குகிறது. பிளி தோழியின் மூச்சைக் கேட்டுக்கொண்டே நடையின் வேகத்தை அமைத்துக்கொண்டார். பெரிய கூட்டங்கள் பின்னால் நெருங்கியபோதெல்லாம் எங்களை ஒதுங்கி நிற்கச் சொல்லி அவர்களை முன்னே விட்டார். அந்த இடைவேளைகளே முழங்காலுக்குப் போதுமான ஓய்வாகவும் அமைந்தன. பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே வழிகாட்டி என்று வந்த குழுக்களில் இந்தக் கவனிப்பைக் காண முடியவில்லை. பாதி வழியில் ஒரு பெண் தனியே ஒரு பாறையில் அமர்ந்திருந்தார். அவருடைய குழு எப்போதோ மேலே போய்விட்டிருந்தது. எங்கள் பிளிதான் தண்ணீர் கொடுத்து, அந்தக் குழுவின் வழிகாட்டிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, அவர் இறங்கி வரும்வரை காத்திருந்தார். மலையில் ஒருவரை இருட்டில் விட்டுப் போவதை எந்த விலைக்குறைப்பும் நியாயப்படுத்தாது.

விடியற்காட்சியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. படங்கள் பொய் சொல்லவில்லை. கிழக்கே ஏரிக்கு அப்பால் அபாங் மலை, அதன் பின்னே 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஆகுங், வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் லொம்பொக் தீவின் 3,726 மீட்டர் உயர ரிஞ்சானி என மூன்று மலைகளும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்க்க வேண்டியிருப்பதுதான் குறை. வறண்ட பருவத்தில் கூட்டம் மிகுதி. பிளி எங்களைக் கடைகள் இருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, காற்று மறைவான ஒரு மேட்டுக்கு அழைத்துச் சென்றதால் பேச்சிரைச்சல் குறைந்தது.

சூரியன் எழுந்து கால் மணி நேரத்தில் பெரும்பாலானோர் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் எதிர்த்திசையில், எரிமலை வாயின் விளிம்புப் பாதையில் நடந்தோம். இருட்டில் வெறும் மேடாகத் தோன்றிய மலையின் உண்மையான வடிவம் அப்போதுதான் புரிந்தது. நாம் நிற்பது ஒரு பெரிய பள்ளத்துக்குள் பிற்காலத்தில் முளைத்த சிறிய மலை. ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் பழைய மலை உள்வாங்கி, 14 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் கொண்ட, 'கால்டெரா' எனப்படும் பெரும்பள்ளமாக ஆயிற்று. சுற்றிலும் தெரியும் மலைச்சுவர் அந்தப் பழைய மலையின் மிச்சம். ஏரி அதன் அடித்தளத்தில் தேங்கிய நீர். இந்த நிலவியல் சிறப்புக்காகவே பாத்தூர் 2012-இல் உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

விளிம்பின் சில இடங்களில் பாதை ஓராள் அகலமே இருக்கிறது, இருபுறமும் சரிவு. பாறை இடுக்குகளிலிருந்து நீராவி மெல்ல வெளிவருகிறது. பிளி ஓரிடத்தில் சரளையை ஒதுக்கி, எங்கள் உள்ளங்கையைச் சற்று மேலே நீட்டச் சொன்னார். இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததைப்போல் ஆவி அடித்தது. அந்தக் குழியிலேயே முட்டைகளை வைத்து மூடி, வெந்ததும் உரித்து, ரொட்டியோடும் வாழைப்பழத்தோடும் காலை உணவாகக் கொடுத்தார். மேற்குச் சரிவில் கீழே கறுத்துக் கிடக்கும் எரிகுழம்புப் பரப்புகளைக் காட்டி, 1926-ஆம் ஆண்டு வெடிப்பில் புதையுண்ட பழைய பாத்தூர் கிராமத்தையும் கோயிலையும் பற்றிச் சொன்னார். ஊரார் கால்டெராவின் விளிம்புக்குக் குடிபெயர்ந்து அங்கே கோயிலை மீண்டும் எழுப்பினார்கள். 1963-இல் எரிமலை மறுபடியும் சீறியது. கடைசி வெடிப்பு 2000-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இவற்றை மனப்பாடமாக ஒப்பிக்காமல், எந்தக் குழம்பு எந்தப் பக்கம் ஓடியது, எந்த நிலத்தில் இப்போது தக்காளி விளைகிறது என்று கையால் சுட்டிச் சுட்டிச் சொல்லக் கேட்டது, அந்த மண்ணிலேயே பிறந்தவர் உடன் வந்ததால் மட்டுமே கிடைத்த பேறு.

குறைகளும் உண்டு. பாதி மலைவரை பயணிகளை ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள்கள் நடப்பவர்களின் முகத்தில் புழுதியை வாரி இறைக்கின்றன, "ஏறுகிறீர்களா?" என்ற நச்சரிப்பும் ஓய்வதில்லை. உச்சியில் பிளாஸ்டிக் குவளைகளும் பொட்டலத் தாள்களும் சிதறிக் கிடக்கின்றன. எங்கள் பிளி ஒரு சாக்கில் முடிந்ததைப் பொறுக்கிக்கொண்டு இறங்கினார் என்றாலும், இது ஒருவரால் தீரும் சிக்கலன்று. உணவுப் பையைத் திறந்தால் குரங்குகள் பாய்ந்து வந்து பறிக்கின்றன. அவற்றுக்குத் தின்னக் கொடுத்துப் படமெடுக்கும் பயணிகளை வழிகாட்டிகள் இன்னும் கண்டிப்பாகத் தடுக்கலாம்.

கட்டணம், வண்டியும் காலை உணவும் சேர்த்து, ஆளுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூபியாவுக்குச் சற்று மேல் ஆயிற்று. விடுதியில் கேட்ட மிகக் குறைந்த விலையைவிட இது அதிகம்தான். ஆனால் இருவருக்கு ஒரு வழிகாட்டி, விளிம்பு நடை, அவசரப்படுத்தாத இறக்கம் ஆகிய மூன்றும் அதில் அடக்கம் என்பதால் எங்களுக்கு அது கூடுதலாகத் தெரியவில்லை. இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை. சரளையில் குதிகாலை அழுத்தி, உடலைச் சற்றுப் பின்சாய்த்து இறங்க பிளி சொல்லிக்கொடுத்ததால் தோழி வலியின்றி வந்து சேர்ந்தார்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களே இதற்கு ஏற்றவை. உச்சியில் குளிர்காற்று வீசும். வியர்வையோடு போய் நின்றால் நடுக்கமெடுத்துவிடும் என்பதால், மாற்றுச் சட்டையும் காற்றுத்தடுப்பு மேலாடையும் கட்டாயம் வேண்டும். பிடிமானமுள்ள காலணி இல்லாதவர்கள் இந்த ஏற்றத்தைத் தவிர்ப்பது நல்லது. பெற்றோரையோ சிறு குழந்தைகளையோ அழைத்துச் செல்பவர்கள், ஜீப்பில் எதிர்ப்புற மேட்டுக்குச் சென்று, எரிமலையையே முன்னால் வைத்து உதயம் பார்த்துவிட்டு, பிறகு கருங்குழம்புப் பரப்பைச் சுற்றிவரும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறலாம். ஏரிக்கரை வழிகாட்டிகளே அதையும் செய்து தருகிறார்கள்.