பெர்த்தில் ஒரு பழைய கேரவன்: சொந்தமா, வாடகையா, கேபினா?

கேரவன் என்றதும் நம்மில் பலருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய பஸ்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவல்ல. இதற்கு எஞ்சின் கிடையாது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி. ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் இதை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுவார்கள்.

சிங்கப்பூரில் இதை வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இங்கே கார் நிறுத்தும் கட்டம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். நான்கு பேர் படுக்கக்கூடிய கேரவன், இழுவைத் தண்டையும் சேர்த்தால் 6 மீட்டரைத் தொடும். நிறுத்த இடம் கிடைத்தாலும் போவது எங்கே? தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ் பூங்காவிலோ கூடாரம் அடிக்கவே அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஆனால் என் அக்கா பெர்த்தில் இருக்கிறார். ஐந்து மணி நேர விமானப் பயணம். இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான், மனைவி, மகள், எழுபத்திரண்டு வயது அம்மா என நால்வர் போவது வழக்கம். ஒரு முறை கேபின்களில், அதாவது சிறு குடில்களில் தங்கினோம். அடுத்த முறை எஞ்சினும் படுக்கையும் ஒரே வண்டியில் உள்ள கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்தோம். போன முறை அத்தான், "தம்பி, வாடகைக்குக் கொட்டுகிற பணத்தில் பழைய கேரவன் ஒன்றை வாங்கி என் வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்திவிடலாமே" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னை மூன்று மாதம் கணக்குப் போட வைத்தது.

நம் ஊர்க் கண்ணோடு பழைய வண்டியைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1990 முதல் இங்கே வண்டியின் ஆயுளை முடிவு செய்வது சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ். பத்து ஆண்டு ஆனதும் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், அல்லது மறுபடியும் பணம் கட்டி ஐந்தோ பத்தோ ஆண்டு நீட்டிக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. எனவே பழைய கார் வாங்கும்போது நாம் முதலில் கேட்பது "சிஓஇ இன்னும் எத்தனை ஆண்டு?" என்பதுதான். காரை அப்புறம்தான் பார்க்கிறோம். பெர்த்தில் இருபத்தைந்து வயதுக் கேரவன் முன்னால் நின்றபோது எனக்குக் கேட்க அந்தக் கேள்வி இல்லை. காலாவதித் தேதி எதுவும் இல்லாத வண்டியை என்ன செய்து மதிப்பிடுவது?

விரலால் அழுத்திப் பார்த்த இரண்டு வண்டிகள்

ஒரே சனிக்கிழமையில் இரண்டைப் பார்த்தோம். முதலாவது 1980களில் செய்தது. விலை 4,000 ஆஸ்திரேலிய டாலர். புதிதாக வெள்ளை வண்ணம் பூசி, உள்ளே புதுத் திரைச்சீலை போட்டு, கல்யாணப் பெண்போல நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் எலுமிச்சை மணம். அத்தான் என் காதில், "வாசனை தெளித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்" என்றார்.

அக்காலத்துக் கேரவன்கள் பலவற்றின் சுவர் உள்ளே மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உட்புறம் மெல்லிய ஒட்டுப்பலகை. சன்னல் ஓரத்திலும் கூரைத் திறப்பைச் சுற்றியும் மூலை இணைப்புகளிலும் உள்ள ரப்பரும் பசையும் காய்ந்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். வெளித் தகடு பளபளப்பாகவே இருக்கும், உள்ளே மரம் ஊறும். முன்பக்கச் சன்னலுக்குக் கீழே, இருக்கைப் பெட்டியின் மூடியைத் தூக்கி, மூலையில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். பலகை பிஸ்கெட்டைத் தேநீரில் முக்கியதுபோல உள்வாங்கியது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. கதவருகே தரையும் மெத்து மெத்தென்று அமுங்கியது. ஈரமானி என்றொரு சிறு கருவி இருக்கிறது, சுவரில் வைத்தால் ஈர அளவைக் காட்டும். அத்தான் அதைப் பையிலிருந்து எடுப்பதற்குள் விற்பவர் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த மரச்சட்டத்தை மாற்ற வேண்டுமானால் தகட்டைக் கழற்ற வேண்டும். 4,000 டாலர் வண்டிக்கு அதைவிட அதிகமாகக் கூலி ஆகும். மலிவாக வந்த யானைக்குக் கொட்டகை போடச் சொத்தை விற்ற கதைதான்.

இரண்டாவது, 1990களின் கடைசியில் செய்த பாப்-டாப். கூரையை மேலே தூக்கிக்கொள்ளலாம், ஓடும்போது இறக்கிவிடலாம். 9,500 கேட்டார்கள். வண்ணம் மங்கியிருந்தது, திரைச்சீலை பாட்டி காலத்துப் பூப்போட்டது, கூரையைச் சுற்றியுள்ள துணியில் ஒரு மடிப்பு நைந்திருந்தது. ஆனால் மூலைகள் எல்லாம் கல்போல இருந்தன. பழைய மரப்பெட்டியின் மணம் மட்டும் வந்தது.

டயர்களில் கோடுகள் ஆழமாக இருந்தன, புதிது என்றுதான் நினைத்தேன். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2311 என்று இருந்தது. அதாவது 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று, வெயிலில் காய்ந்து, வெடிப்பு விட்டுக் கெடுவதுதான் அதிகம். கோடுகளை நம்பி நெடுஞ்சாலையில் இறங்கினால் டயர் கிழியும். அந்த நான்கு இலக்கத்தைக் காட்டியே விலையை 8,600க்கு இறக்கினோம்.

வாங்கும் முன் இன்னொன்றும் செய்தோம். அடிச்சட்டத்தில் உள்ள எண்ணைக் கொடுத்து 2 டாலர் கட்டினால், அந்த வண்டியின் பேரில் கடன் பாக்கி இருக்கிறதா என்று ஆஸ்திரேலிய அரசின் பதிவேடு சொல்லிவிடும். 2 டாலரில் இவ்வளவு நிம்மதி வேறெங்கும் கிடைக்காது.

எடைக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது அங்கேதான். தகட்டில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று வெறும் எடை, மற்றது ஏடிஎம். பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, சரக்கோடு சேர்த்து அந்தக் கேரவன் சுமக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை. எங்கள் வண்டிக்கு 1,150, 1,450 கிலோ. ஆக 300 கிலோ மிச்சம் என்று மகிழ்ந்தேன். 60 லிட்டர்த் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டை நிரப்பினால் 120 கிலோ போய்விடுகிறது. இரண்டு கேஸ் சிலிண்டர்கள் 40 கிலோ அளவுக்கு. முந்தைய உரிமையாளர் பிற்பாடு மாட்டிய பந்தல் துணியும் குளிர்சாதனமும் அந்த வெறும் எடையில் சேரவே இல்லை. கடைசியில் நான்கு பேரின் துணிமணிக்கும் அரிசி மூட்டைக்கும் 80 கிலோ தேறினால் அதிகம். கனமானதைப் பின்னால் ஏற்றினால் கேரவன் வாலாட்டத் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது பொதுக்கணக்கு.

மூன்றையும் ஒரே விடுமுறையில் வைத்துப் பார்த்தால்

16 இரவு, டிசம்பர், தெற்கே மார்கரெட் ரிவர், ஆல்பனி பக்கம். பெர்த்திலிருந்து ஆல்பனி 420 கிலோமீட்டர் அளவுக்கு. எங்களுக்கு வந்த விலைகளை வைத்துப் போட்ட கணக்கு இது, எல்லாம் ஆஸ்திரேலிய டாலரில், பெட்ரோல் சேர்க்காமல்.

கேம்பர்வேன்: நாளுக்கு 290, காப்பீட்டுக்கு 40, கேரவன்களை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் மின்வசதியுள்ள இடத்துக்கு இரவுக்கு 65. மொத்தம் 6,320.

கேபின்: இரவுக்கு 200, சாதாரண வாடகைக் கார் 75. மொத்தம் 4,400.

சொந்தக் கேரவன்: வாங்கியது 8,600, டயர், பேரிங், பிரேக், கேஸ் குழாய் என்று செப்பனிட 2,500. ஐந்து ஆண்டு கழித்து 5,000க்கு விற்போம் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,220 தேய்மானம். பதிவுக் கட்டணமும் காப்பீடும் 600, பராமரிப்பு 400, தங்கும் இடத்துக்கு 1,040. ஆக 3,260.

இங்கே நிறுத்திக்கொண்டால் சொந்தக் கேரவன் வென்றுவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் வாடகைக் கார்களில் பொதுவாக எதையும் இழுக்க அனுமதி இல்லை. கொக்கியும், கேரவனின் மின்பிரேக்கை இயக்கும் கருவியும் பொருத்திய கார் வேண்டும். அது அத்தானின் கார். அதை 16 நாள் நான் எடுத்துக்கொண்டால் அவருக்கு ஒரு சின்னக் கார் பிடித்துத் தருவதுதான் முறை, அவர் வேண்டாம் என்று சொன்னாலும். அது 960. மொத்தம் 4,220. கேபினுக்கும் இதற்கும் இப்போது 180 டாலர்தான் வித்தியாசம். கேரவனை இழுக்கும் கார் குடிக்கிற பெட்ரோல் அதை விழுங்கிவிடும்.

அத்தானின் வீட்டுப் பக்கவாட்டு இல்லாமல், கட்டணம் கட்டி நிறுத்தினால்? வாரம் 25 என்றாலும் ஆண்டுக்கு 1,300. அப்போது 5,520. 16 இரவு படுப்பதற்காக ஆண்டு முழுவதும் வாடகை கொடுக்கிறோம். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊரில் பழைய கேரவன் வாங்க நினைக்கும் சிங்கப்பூர்க்காரருக்கு என் பதில் இதுதான்: வேண்டாம், கேபினில் தங்குங்கள்.

பணத்தில் அடங்காதவை

கேம்பர்வேனின் வசதி, விமானத்தை விட்டு இறங்கிச் சாவியை வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விடலாம். பின்னால் எதுவும் தொங்காது. ஆனால் ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூட வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டும். மின்கம்பியைக் கழற்று, பாத்திரத்தை அடுக்கு, படுக்கையை மடி. கேரவனைப் பார்க்கில் விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்துப் போகலாம். நாங்கள் எடுத்த வண்டியை மண்சாலையில் ஓட்டவும் தடை, ஊருக்கு வெளியே இரவில் ஓட்டவும் தடை. கங்காருக்கள் அந்தியிலிருந்து விடியும் வரைதான் அதிகமாகச் சாலையைக் கடக்கும் என்பதால் பின்னதில் எனக்குப் புகார் இல்லை. புகார் வேறு. வண்டியைத் திருப்பித் தந்த அன்று, அங்கிருந்தவர் உள்ளே தலையை நீட்டி மோந்து பார்த்துவிட்டுத் துப்புரவுக் கட்டணம் 150 டாலர் என்றார். முந்தைய இரவு என் மனைவி ரசத்துக்குத் தாளித்திருந்தார்.

சொந்தக் கேரவனில் அந்தக் கவலை இல்லை. இட்லிப் பானையும் பிரஷர் குக்கரும் ஆண்டு முழுவதும் அங்கேயே கிடக்கலாம். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும்போது அதன் அருமை தெரியும்.

பின்னோக்கி ஓட்டுவதுதான் எனக்குப் பெரிய பாடம். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் கேரவனின் பின்புறம் இடப்பக்கம் போகிறது. இருபத்திரண்டு ஆண்டு கார் ஓட்டிய அனுபவம் பத்து நிமிடத்தில் செல்லாக்காசானது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, கேரவன் போக வேண்டிய பக்கம் கையை நகர்த்தச் சொல்லிக்கொடுத்தார் அத்தான். அதன்பிறகு மூன்று குப்பைத்தொட்டிகள் மட்டுமே விழுந்தன.

அம்மாவின் தீர்ப்பு முற்றிலும் வேறு. பாப்-டாப்பில் கழிப்பறை இல்லை. இரவு இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பார்க்கின் பொதுக் கழிப்பறைக்கு நடப்பது, முழங்கால் வலியோடு அந்த இரும்புப் படியில் ஏறுவது இரண்டுமே அவரால் ஆகாது. "எனக்கு நாலு சுவரும் ஒரு பாத்ரூமும் போதும், நீங்கள் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். நல்ல வேளையாகப் பல கேரவன் பார்க்குகளில் கேபினும் இருக்கிறது. அம்மாவுக்குச் சிறிய கேபின், எங்களுக்கு அடுத்த புல்தரையில் கேரவன். இதைச் சேர்த்தால் மேலே போட்ட கணக்கு என்ன ஆகும் என்று நான் கூட்டிப் பார்க்கவில்லை, மனைவி கூட்டிப் பார்த்துவிட்டார்.

அப்படியும் வாங்கினோம். பெர்த்தின் மழைக்காலம் மே முதல் ஆகஸ்டு வரை. அந்த நான்கு மாதமும் மூடியே கிடந்தால் நல்ல கேரவனும் முதலில் பார்த்த அந்த வெள்ளை வண்டிபோல ஆகிவிடும். அதனால் அத்தானிடம் நான் கேட்டது பக்கவாட்டு இடத்தை மட்டுமல்ல. மழை விட்ட நாளில் கதவையும் சன்னலையும் திறந்து வைக்க வேண்டும், மூலைகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை காப்பியை அதற்குள் உட்கார்ந்துதான் குடிக்கிறாராம். அக்கா சொன்னார், குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.