சோஃபாவுக்குப் போட்ட ஹெச்.ஆர். ஃபோம்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டு மூன்று இருக்கை சோஃபாவின் திண்டுகள் வாங்கி இரண்டு ஆண்டு முடிவதற்குள் குழிந்துவிட்டன. முழங்கால் தேய்மானம் உள்ள என் அம்மா, அந்தக் குழியிலிருந்து எழ ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடத் தயங்கியே சோஃபாவை விட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிவிட்டார். விற்றபோது ‘40 டென்சிட்டி’ என்று சொல்லிக் கொடுத்த திண்டு அது. உறையைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தேன், 1.05 கிலோ காட்டியது.

ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறதோ அதுவே அதன் டென்சிட்டி. எங்கள் திண்டு 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 12.5 செ.மீ. உயரம்; அதாவது 0.045 கன மீட்டர். 40 டென்சிட்டி என்றால் 1.8 கிலோ இருந்திருக்க வேண்டும். இருந்த எடைக்குக் கணக்குப் போட்டால் 23தான் வருகிறது. வாங்கிய அன்றே எடை போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதனால்தான் புதிதாகப் போட்ட ஃபோமைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாவது முறை, ஃபோம் பாளங்களை வாங்கி அளவுக்கு அறுத்துக் கொடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். 40 டென்சிட்டி ஹெச்.ஆர். ஃபோம் (‘ஹை ரெசிலியன்ஸ்’, அதாவது அமுக்கி விட்டால் நன்றாகத் துள்ளி எழும் வகை) கேட்டேன், அறுத்த மூன்று துண்டுகளையும் என் கண்முன்னே எடை போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் 1.77 கிலோவை ஒட்டி இருந்தது. சாதாரண ஃபோமைவிட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வித்தியாசம் எதற்கு என்பது, ஃபோம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால்தான் விளங்கும்.

பாலியால் என்னும் கெட்டியான திரவத்தையும் டி.டி.ஐ. எனப்படும் ஐசோசயனேட் வகை வேதிப்பொருளையும் சிறிதளவு தண்ணீர், வினையூக்கிகள், சிலிக்கோன் ஆகியவற்றோடு கலக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு வினைகள் நடக்கின்றன. ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. பாலியாலோடு சேர்ந்து பாலியூரித்தேனாக இறுகுகிறது. புளித்த மாவில் வாயு தங்கி இட்லி உப்புவதைப் போல, இறுகிக்கொண்டிருக்கும் கலவைக்குள் வாயு தங்கி அது சில நிமிடங்களில் பெரிய பாளமாக எழும்பிவிடுகிறது. வாயு எழும் வேகம் முந்திவிட்டால் நுரை சரிந்து அமுங்கும். இறுகும் வேகம் முந்திவிட்டால் உள்ளறைகள் திறக்காமல் மூடியே கிடந்து, ஆறும்போது பாளம் சுருங்கும். பெரிய ஆலைகளில் கலவை ஓடும் பட்டையின்மீது இடைவிடாமல் ஊற்றப்பட்டு நீண்ட பாளமாக வருகிறது. சிறிய பட்டறைகளில் கலவையைப் பெட்டிக்குள் ஊற்றிப் பொங்கவிடுகிறார்கள். அப்படி வரும் பாளத்தில் அடிப்பகுதி கனமாகவும் மேற்பகுதி இலேசாகவும் அமைந்துவிடுவது உண்டு.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் தண்ணீரின் அளவு. தண்ணீரைக் கூட்டினால் வாயு கூடுகிறது, அதே மூலப்பொருளில் அதிகப் பருமன் கிடைக்கிறது, டென்சிட்டி இறங்குகிறது. அதோடு, அந்த வினையில் உருவாகும் யூரியாப் பகுதிகள் ஃபோமை விறைப்பாகவும் ஆக்குகின்றன. ஆகவே, இலேசான மலிவு ஃபோம்கூடக் கடையில் கையால் அழுத்திப் பார்க்கும்போது கெட்டியாகவே தோன்றும். நாள்பட உட்கார்ந்த பிறகுதான் அதன் உள்சுவர்கள் தளர்ந்து குழி விழும். எங்கள் பழைய திண்டில் நடந்தது இதுதான் என்று இப்போது புரிகிறது. டென்சிட்டியும் கெட்டித்தன்மையும் வெவ்வேறு என்பதைப் புதிய கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். 40 டென்சிட்டியிலேயே மென்மையானதும் கெட்டியானதுமாக இரண்டு பாளங்களை எடுத்துவைத்து, என்னை மாறிமாறி உட்காரச் சொன்னார். வயதானவர் எழுந்திருக்க வசதியாக இருக்கும் என்று கெட்டியானதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஹெச்.ஆர். ஃபோமில் பாலியாலே வேறு வகை. மூலக்கூறு எடை கூடுதலாகவும், வினைத்திறன் அதிகமாகவும் உள்ள பாலியாலை எடுத்து, அதற்குள் நுண்ணிய பாலிமர் துகள்களைக் கலந்து பயன்படுத்துகிறார்கள். இதனால் உள்ளறைகள் ஒரே சீராக இல்லாமல் சிறிதும் பெரிதுமாக அமைகின்றன. மேலோட்டமாக அழுத்தும்போது இணங்கிக் கொடுத்து, ஆழமாக அழுத்த அழுத்த எதிர்த்து நிற்கும் குணம் இதற்கு உண்டு. எஃகு உருண்டையை மேலிருந்து போட்டுப் பார்க்கும் சோதனையில், சாதாரண ஃபோமில் உருண்டை விழுந்த உயரத்தில் 40 சதவீதத்தை ஒட்டியும், ஹெச்.ஆர். ஃபோமில் 60 சதவீதத்தை ஒட்டியும் துள்ளும்.

பதினான்கு மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்திவிட்டேன். அதிகம் உட்காரும் ஓர இருக்கையில் உயரம் 12.5 செ.மீ.-இலிருந்து 12.2 செ.மீ. ஆகியிருக்கிறது, நடு இருக்கையில் மாற்றமே இல்லை. அம்மா இப்போது கைப்பிடியில் ஒரு கையை மட்டும் ஊன்றித் தாமாகவே எழுந்துகொள்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. உறைக்குள் எட்டிப் பார்த்தபோது விளிம்புகள் சற்று மஞ்சளாகியிருந்தன. வெளிச்சமும் காற்றும் படும்போது இந்த வகை ஃபோமுக்கு இயல்பாக வரும் நிறமாற்றம் அது, தாங்கும் திறனை அது பாதிக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையால் அறுத்ததால் ஒரு துண்டின் ஓரம் கோணலாக இருந்தது. உறை தைத்தவர் அதைச் சீர்செய்ய அரை நாள் செலவிட்டார். அடியில் ரீபாண்டட் ஃபோம் பலகை ஒன்றை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கழிவு ஃபோமைத் துண்டுதுண்டாக்கிப் பசை சேர்த்து, அழுத்தி, நீராவியில் வேகவைத்துச் செய்யும் கனமான பலகை அது. ஒட்டிய பசையின் நெடி பத்து நாள் போகவில்லை. எங்கள் சோஃபாவின் அடிச்சட்டம் பலகையாலானது என்பதால் எங்களுக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. நாடா இழுத்துக் கட்டிய சட்டம் உள்ளவர்களுக்கு உதவக்கூடும்.

எடை போடுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து ஃபோமின் எடையைக் கூட்ட முடியும். அப்படிக் கலந்தது தராசில் தேறிவிடும், ஆனால் சீக்கிரம் கிழியும். அறுத்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். ஒரு துண்டை ஓரத்தில் பிய்க்க முயன்றாலும் தெரியும்: நல்ல ஃபோம் இழுபட்டுத்தான் கிழியும், தூள் கலந்தது பொலபொலவென்று உதிரும். நான் வாங்கிய மூன்று துண்டுகளிலும் தூள் ஒட்டவில்லை. அடுத்த மாதம் சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்கும் இதே கடையில்தான் கொடுக்கப்போகிறேன். இந்த முறை இயந்திரத்தில் அறுத்துத் தரும்படி கேட்டிருக்கிறேன்.