தோடாவா, கோத்தாவா: கற்பனை மூதாதை மொழிக்கு எது அடி?

நீலகிரிக் கதைக்கு ஒரு மூதாதை மொழியைக் கட்ட நினைக்கும் நண்பர்கள், அங்குள்ள பழங்குடிகள் பேசும், தமிழோடு உறவுள்ள தோடா, கோத்தா மொழிகளில் எதை அடியாக எடுப்பது என்பதில்தான் திணறுகிறார்கள்.

ஒலி: தோடாவில் நாக்கு ஆடும் ரகரம் மட்டுமே மூன்று வகை, உரசொலிகளும் (ஸ், ஃப் போன்றவை) ஏராளம். கேட்க அபாரம், ஆனால் பெரும்பாலும் பிற்கால வளர்ச்சி.
கோத்தாவில் காதுக்கு ‘கெவ்’. நம் ‘செவி’யில் சகரமாகிவிட்ட பழைய ககரம் அங்கே அப்படியே நிற்கிறது. கன்னடக் ‘கிவி’யும் சாட்சி. தோடாவும் ககரத்தை விடவில்லை, வகரத்தைத்தான் ‘ஃப்’ ஆக்கிவிட்டது.

இலக்கணம்: கோத்தாவில் அவ்ன், அவ்ள், அத்.
தோடாவில் மூன்றுக்கும் ஒரே சொல்.

உழைப்பு: மொழியியலாளர் எமனோ 1930களில் இரண்டையும் களத்தில் பதிவு செய்தார். ஆனால் தோடாவைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், அப்புறம் தெரியும்!

பழமை வேண்டுமென்றால் கோத்தா, காதுக்குப் புதுமை வேண்டுமென்றால் தோடா. நான் கோத்தா பக்கம். பாத்திரப் பெயர்களுக்கு மட்டும் தோடாவில் கைவைப்பேன்.