வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு: பாதி ரேட் சொல்பவரின் மீதி பில் துறைமுகத்தில் வரும்

வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்கள் வாங்கும் மூன்று நான்கு கொட்டேஷன்களில் ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதியாக இருக்கும். அதைக் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க மாட்டார். "எத்தனை பெட்டி வரும்? சரி, அஞ்சு சி.பி.எம். போட்டுக்கலாம்" என்று, அதாவது கன மீட்டர் கணக்கில், போனிலேயே தொகை சொல்லியிருப்பார். முன்பணம் கட்டி, வண்டி வந்து, சாமான் ஏறும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். அடுத்த வாரம் மெயில் வரும்: குடோனில் அளந்ததில் எட்டு சி.பி.எம். வருகிறது, வித்தியாசத்தைக் கட்டினால்தான் கப்பலில் ஏற்றுவோம். அதையும் கட்டிவிட்டுக் காத்திருந்தால், சாமான் போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து, பெயரே கேள்விப்படாத ஓர் ஏஜென்ட் இரண்டாவது பில்லை நீட்டுவார். அது கப்பல் வாடகையையே மிஞ்சுவதும் உண்டு. கட்டும்வரை சாமான் கிடைக்காது, ஒவ்வொரு நாளும் குடோன் வாடகை ஏறும்.

வீட்டுச் சாமான் அனுப்பி ஏமாந்தவர்களின் புகார்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. இதில் பாதி ஏமாற்று, பாதி தொழில் வழக்கம். எது எது என்று தெரியாததால்தான் கேட்க வேண்டிய கேள்வியைச் சாமான் வண்டியில் ஏறிய பிறகு கேட்கிறார்கள்.

முதலில் அந்த ஐந்து எட்டானது எப்படி என்று பார்ப்போம். முழுக் கன்டெய்னர் தேவைப்படாதவர்களின் சாமான் மற்றவர்களுடையதோடு சேர்ந்து ஒரே கன்டெய்னரில் போகும், இதை எல்.சி.எல். என்பார்கள். இதில் கட்டணம் கன மீட்டருக்கு இவ்வளவு, அல்லது 1,000 கிலோவுக்கு இவ்வளவு, எது அதிகமோ அது. வீட்டுச் சாமான் பெரும்பாலும் கனமற்றது என்பதால் அளவுதான் விலையைத் தீர்மானிக்கும்.

45 செ.மீ. நீளம், 45 அகலம், 60 உயரமுள்ள ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கி 10 லட்சத்தால் வகுத்தால் 0.1215 கன மீட்டர். அப்படி 30 பெட்டி என்றால் 3.65. இவ்வளவுக்குத்தான் பணம் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் குடோனில் இவற்றைப் பேலட் எனப்படும் மரத் தளத்தில் அடுக்கிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெளிப்புறத்தில் டேப் பிடித்து அளப்பார்கள். நடுவில் உள்ள காற்றுக்கும் சேர்த்துத்தான் பில்.

பேலட்டின் பரப்பு 120-க்கு 100 செ.மீ., உயரம் 15 என்று வைத்துக்கொள்வோம். பெட்டிகளை நிறுத்தி அடுக்கினால் ஒரு வரிசைக்கு நான்கு, மூன்று வரிசைக்கு 12 பெட்டி, மொத்த உயரம் 195. அதே பெட்டிகளைப் படுக்க வைத்து, 60 செ.மீ. பக்கத்தைப் பேலட்டின் நீளத்தோடு பொருத்தினால் நான்கு வரிசை போகும். அதே 195 உயரத்தில் 16 பெட்டி. இரண்டுமே அளவில் 2.34 கன மீட்டர்தான். முதல் விதத்தில் 30 பெட்டிக்கு இரண்டு முழுப் பேலட்டும் ஓர் அரைப் பேலட்டும் ஆகி, மொத்தம் 6.3 வரும். இரண்டாவது விதத்தில் 4.7-க்குள் முடிந்துவிடும். பெட்டி ஒன்றுகூட கூடவில்லை, அடுக்கிய விதம் மட்டுமே மாறியது. வேண்டுமென்றே தளர்வாக அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அக்கறையில்லாமல் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பணம் போவது என்னவோ உங்களுடையது.

ஆகவே கொட்டேஷன் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்: சொன்ன அளவு பெட்டிகளின் அளவா, பேலட்டோடு சேர்ந்த அளவா? எத்தனை பேலட்? அளவு கூடினால் அடுக்கிய பேலட்டை டேப்போடு படம் எடுத்து அனுப்புவீர்களா? குறைந்தால் பணம் திரும்ப வருமா? நேரில் வந்தோ வீடியோவிலோ ஒவ்வோர் அறையையும் பார்க்காமல் தொகை சொல்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். கன அடியில் ரேட் சொல்லிவிட்டுக் கன மீட்டரில் பில் போடுவதும் நடக்கிறது. ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. கொட்டேஷனும் பில்லும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பில்தான் பெரிய அடி. கன்டெய்னர் துறைமுகத்தில் இறங்கியதும் டெர்மினல் கையாளும் கட்டணம். அதைக் குடோனுக்குக் கொண்டுபோய்த் திறந்து, ஒவ்வொருவர் சாமானையும் பிரித்து வைக்க ஒரு கட்டணம். சாமானை விடுவிக்கச் சொல்லும் சீட்டான டெலிவரி ஆர்டரைக் கொடுக்க ஒரு கட்டணம், ஆவணத்துக்கு ஒன்று. கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் செய்பவரின் கூலி, ஸ்கேன் எடுத்தாலோ திறந்து சோதித்தாலோ அதற்குத் தனி. இலவச நாட்கள் முடிந்த பிறகு குடோன் வாடகை. வீடுவரை வண்டி. இவை எல்லாமே தொழிலில் உண்மையாக உள்ள செலவுகள். ஏமாற்று இருப்பது, இவற்றை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவதில்.

ஏன் சொல்வதில்லை? எல்.சி.எல். வியாபாரத்தில் புறப்படும் இடத்தில்தான் போட்டி அதிகம். அங்கே ரேட்டைக் குறைத்து, சில சமயம் அடக்க விலைக்கும் கீழே இறக்கி ஆளைப் பிடிக்கிறார்கள். விட்ட பணத்தைச் சேருமிடத்து ஏஜென்ட் உங்களிடம் வசூலித்து, ஒரு பங்கை இவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறார். சேருமிடத்தில் உங்களுக்கு வேறு ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடையாது. டெலிவரி ஆர்டர் அவர் கையில் இருக்கிறது. கட்டண பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமையும் பொதுவாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கேட்பாரற்றுக் கிடந்தால் கடைசியில் ஏலத்துக்குப் போகும். அந்த மலிவு கொட்டேஷனின் அடியில் "சேருமிடக் கட்டணங்கள் அட் ஆக்சுவல்ஸ்" (அங்கே ஆவது எவ்வளவோ அவ்வளவு) என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பொருள்.

"டோர் டு டோர்" என்று போட்டிருந்தாலும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. டெர்மினல் கட்டணம், கஸ்டம்ஸ் சோதனை, மாடிப்படி ஏற்றுவது, வண்டி வாசல்வரை வர முடியாவிட்டால் சிறு வண்டிக்கு மாற்றுவது ஆகியவற்றை "சேராதவை" என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தொகையோ உச்சவரம்போ எழுதி வாங்குங்கள். சேருமிடத்து ஏஜென்ட்டின் பெயரையும் முகவரியையும் கேட்டு, உங்கள் அளவைச் சொல்லி, அவரிடமிருந்தே நேரடியாகக் கட்டண விவரத்தை மெயிலில் பெறுங்கள். சாமான் வண்டியில் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. ஏஜென்ட் பெயரைச் சொல்லத் தயங்குகிறவரோடு பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பணத்தை ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். ஒரு பகுதி முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான கப்பல் ஆவணம்) நகல் கைக்கு வந்த பிறகு என்று பேசுங்கள். கொட்டேஷன், வங்கிக் கணக்கு, பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் ஒரே நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். சொந்தமாக வண்டியோ குடோனோ இல்லாத இடைத்தரகர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். நீங்கள் கட்டிய பணத்தை அவர்கள் சாமானைக் கொண்டுபோகும் நிறுவனத்துக்குக் கட்டாமல் விட்டால் சாமான் நின்றுவிடும், உங்கள் ரசீது அங்கே செல்லாது. ஆகவே பில் ஆஃப் லேடிங்கில் "ஃப்ரெய்ட் பிரீபெய்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். "கலெக்ட்" என்று இருந்தால் வாடகையை உங்களிடம் மறுபடியும் கேட்பார்கள்.

கப்பல் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டு, கன்டெய்னர் நிறையும்வரை வாரக்கணக்கில் குடோனிலேயே போட்டு வைப்பதும் உண்டு. கன்டெய்னர் எண்ணைக் கேளுங்கள். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். நான்காவது எழுத்து யு. அதைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டால் எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் ஏறியது என்று தெரியும். தேதியும் துறைமுகமும் உங்கள் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். வேறு யாருடைய பழைய எண்ணையோ கொடுத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நிறுவனம் உண்மையானதா என்று பார்க்க, அதன் இணையதளத்தில் ஒட்டியிருக்கும் சங்க முத்திரையை நம்பாதீர்கள். சர்வதேச இடப்பெயர்வு நிறுவனங்களுக்கான கூட்டமைப்பு எஃப்.ஐ.டி.ஐ. அதன் சொந்தத் தளத்தில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, பெயரை அங்கே தேடுங்கள். அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ அனுப்புவதாக இருந்தால், கடல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் மேரிடைம் கமிஷனில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் பார்க்கலாம். சாமான் பிடித்து வைக்கப்பட்ட புகார்களில் சமரசம் பேச அங்கே தனிப்பிரிவே இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் வாய்ச்சொல் போதாது. "இன்ஷூரன்ஸ் சேர்த்துத்தான்" என்பார்கள். பாலிசியில் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் (சரக்குக் காப்பீட்டு ஷரத்து) சி என்று இருக்கும். அது கப்பல் மூழ்குதல், தீ, மோதல் போன்ற பெரிய விபத்துகளுக்கு மட்டும். பாத்திரம் உடைந்தாலோ ஒரு பெட்டி காணாமல் போனாலோ காலணா வராது. கேட்க வேண்டியது, சில விலக்குகள் தவிர எல்லாச் சேதத்தையும் ஏற்கும் கிளாஸ் ஏ. அதிலும் நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்த பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்று பல பாலிசிகள் சொல்லும், எனவே உடையக்கூடியவற்றை மட்டுமாவது அவர்களையே கட்டச் சொல்லுங்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டினால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும்: சாமானின் மதிப்பில் பாதிக்கு இன்ஷூர் செய்திருந்தால் எந்தச் சேதத்துக்கும் பாதிதான்.

இன்ஷூரன்ஸே வேண்டாம் என்று விடுகிறவர்கள் 2018 மார்ச்சில் அரபிக்கடலில் தீப்பிடித்த மேர்ஸ்க் ஹோனம் கப்பலைத் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆகும் செலவைச் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய விதி; ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள். அந்தக் கப்பலில் சரக்கு மதிப்பில் 54 சதவீதத்துக்குப் பிணையாக ஈடு கேட்டார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தவர்களுக்கு அந்த ஈட்டை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்தது. இல்லாதவர்கள், சேதமே ஆகாத சாமானை எடுக்கவும் கைப்பணத்தைக் கட்ட வேண்டிய நிலை. 2021-இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலுக்கும் இதே அறிவிப்பு வந்தது.

கப்பல் நிறுவனத்தின் பொறுப்புக்கும் எல்லை உண்டு. கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் நாடுகளில் ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) வைத்திருக்கும் கணக்கு அலகு. பொதி எத்தனை என்பதற்கு பில் ஆஃப் லேடிங்கில் எழுதியதுதான் ஆதாரம். "3 பேலட்" என்று எழுதியிருந்தால் மூன்று பொதி, "30 அட்டைப்பெட்டி" என்றால் முப்பது. வரைவு நகல் வரும்போதே இதைத் திருத்தச் சொல்லுங்கள், பிறகு மாற்ற மாட்டார்கள்.

கஸ்டம்ஸைப் பற்றிச் சுருக்கமாக. குடிபெயர்கிறவர்களின் பழைய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் வரிவிலக்கு தருகின்றன, நிபந்தனைதான் வேறுபடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 12 மாதம் தொடர்ந்து வெளியே வசித்திருக்க வேண்டும், பொருளை 6 மாதமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும், வந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கக் கூடாது. விலக்கு உங்களுக்கே உரியது என்பதால் பெறுநராக உங்கள் பெயர் இருக்கட்டும், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குடியிருப்பு அனுமதி கைக்கு வருமுன் சாமான் போய்ச் சேர்ந்தால் கிளியரன்ஸ் நடக்காது, வாடகை மட்டும் ஓடும். பேக்கிங் பட்டியலில் "இதர பொருட்கள்" என்று எழுதிய பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். மரப் பேலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற முறையில் பூச்சி ஒழித்த மரம் என்பதற்கான அடையாளம் அது. இல்லையென்றால் அங்கே புகை போடவோ திருப்பி அனுப்பவோ நேரும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, இரண்டு மூன்று கன மீட்டருக்குள் இருக்கிற சாமானில் கட்டில், மெத்தை, அலமாரி ஆகியவற்றை விட்டுவிட்டுப் போவதே மேல் என்பது எங்கள் கருத்து. டெலிவரி ஆர்டர், ஆவணம், கிளியரன்ஸ் ஆகிய கட்டணங்கள் ஒரு பெட்டி போனாலும் முப்பது போனாலும் ஏறக்குறைய அதேதான், எனவே சாமான் குறையக் குறைய கன மீட்டருக்கு விழும் செலவு கூடும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மொத்தத் தொகையை மறுத்துவிட்டு ஒவ்வொரு கட்டணத்தையும் தனித்தனியாக எழுதிய பில் கேட்பது. அதே துறைமுகத்தில் வேறொரு ஏஜென்ட்டிடம் அதே அளவுக்கு ரேட் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து மெயில் போடுங்கள். சில கட்டணங்கள் குறையும். குறையாவிட்டாலும் சண்டையை இழுக்க வேண்டாம், குடோன் வாடகை உங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டி, சாமானை மீட்டுக்கொண்டு, அதன் பிறகு புகாரையும் வழக்கையும் பாருங்கள். சாமானை இறக்கும்போது வெறுமனே "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திடாமல், நசுங்கிய பெட்டிகளின் எண்ணைக் குறித்துக் கையெழுத்திடுங்கள். வெளியே தெரியாத சேதமென்றால் ஹேக்-விஸ்பி விதிப்படி 3 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வழக்குக்கு ஒரு வருடம். இன்ஷூரன்ஸ் கெடு தனி. அது பாலிசியில் இருக்கும். சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்த பொருளையும் அது வந்த அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.